ஆவுளியாவுக்கு அரைப்பக்கம், வேளாவுக்கு அரை வரி

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

மே 28ஆம் தேதி உலக கடல் பசு தினத்துக்கு உங்க பேப்பர்ல அரைப்பக்கம் ஒரு கட்டுரை வந்துச்சு இல்லையா, கடல் பசு, நாம ஆவுளியான்னு சொல்றது, தண்ணிக்கடியில புல்லு மேயுற கலர் போட்டோவோட, அதை நான் ரெண்டு தடவை படிச்சேன், படிச்சிட்டு கத்தரிச்சு எங்க வீட்டு பிரிட்ஜ் கதவுல ஒட்டியும் வெச்சுட்டேன். எழுதினவங்களுக்கு என் நன்றியை சொல்லிடுங்க. ஆனா கட்டுரை முடியுற இடத்துல, வேளா மீன், அதான் மூஞ்சியில ரம்பம் மாதிரி பல்லு வெச்ச கொம்பு நீட்டிக்கிட்டு இருக்குற மீன், அது மாதிரி திருக்கை இனங்களும் இதே ஆபத்துல தான் இருக்குன்னு அரை வரியில சொல்லிட்டு விட்டுட்டாங்க. அந்த அரை வரி என் மனசை விட்டு போகவே மாட்டேங்குது, அதனால தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், மன்னிக்கணும், சுருக்கி போடறதா இருந்தா வேளா பத்தின பகுதியில மட்டும் கை வைக்காதீங்க.

நான் காசிமேட்டுல பொறந்து வளர்ந்தவ. எங்க அம்மா முப்பது வருஷம் கூடையில மீன் வித்தாங்க, நான் படிச்சு இங்க பாரிமுனை பக்கம் ஒரு கம்பெனியில கணக்கு எழுதுறேன், தம்பி இன்னும் விசைப்படகுல போறான். மீனை பத்தி எனக்கு தெரிஞ்சதுல பாதி வீட்ல கேட்டது, மீதி நானா தேடிப் படிச்சது.

எங்க தாத்தா வீட்ல சாமி மாடத்துக்கு பக்கத்துல ஒரு வேளா கொம்பு சாத்தி வெச்சிருப்பாங்க. சின்ன வயசுல என் தோள் உயரத்துக்கு இருக்கும், தட்டையா, பலகை மாதிரி, ரெண்டு பக்கமும் பல்லு வரிசையா நீட்டிக்கிட்டு. ஒரு பக்கம் 19 பல்லு, இன்னொரு பக்கம் 18, அந்த ஒண்ணு உடைஞ்சு போய் குழி மட்டும் இருக்கும், நான் ஸ்கூல் விட்டு வந்ததும் அந்த குழியில விரலை விட்டு பாக்குறது வழக்கம், உள்ள சொரசொரன்னு இருக்கும். வெள்ளிக்கிழமையானா பாட்டி அதை ஈரத்துணியால துடைச்சு மஞ்சள் தடவி குங்குமம் வைப்பாங்க, மஞ்சள் ஏறி ஏறி அது எலும்பு கலரே இல்லாம பழுத்த பனங்காய் கலருக்கு வந்துடுச்சு. தாத்தா போனப்புறம் வீட்டை இடிச்சு கட்டும்போது அதை குப்பத்து கோயில்ல குடுத்துட்டாங்க, இப்பவும் அம்மன் பின்னாடி செவுத்துல சாத்தி தான் இருக்கு, விளக்கு புகை படிஞ்சு கருத்துப் போச்சு. அதை தாத்தாவே புடிச்சாராம், எண்ணூர் பக்கம், கட்டுமரத்துல போன காலத்துல. அதைப் புடிச்ச கதையை அவர் பெருமையா சொல்லி நான் கேட்டதில்ல. கொம்பை வீட்ல கொண்டாந்து வெச்சா அது சாமி, அவ்வளவுதான்.

உங்க கட்டுரையில விட்டுப்போன விஷயத்தை சொல்லணும்னா முதல்ல இதை சொல்லணும், நிறைய பேரு வேளாவை சுறான்னு தான் நினைக்கிறாங்க, மார்க்கெட்ல கூட வேளா சுறான்னு சொல்றவங்க உண்டு. பாக்கவும் சுறா மாதிரியே தான், நீளமான உடம்பு, முதுகுல ரெண்டு துடுப்பு, வாலு. ஆனா அது திருக்கை ஜாதி. திருப்பிப் போட்டா தெரிஞ்சிடும், சுறாவுக்கு செவுள் வெட்டு கழுத்துக்கு ரெண்டு பக்கவாட்டுல இருக்கும், திருக்கைக்கு அடியில, வயித்துப் பக்கம் இருக்கும், வேளாவுக்கும் அடியில தான். தரையோட தரையா மணல்லயும் சேத்துலயும் படுத்து கிடக்குற மீன். அந்த கொம்பு முழுக்க பொடிப்பொடியா துவாரம் இருக்கு, மத்த மீன் உடம்புலேர்ந்து வர்ற துளி மின்சாரத்தை அந்த துவாரம் வழியா அது கண்டுபுடிக்குது, கலங்கின தண்ணியில கண்ணு தெரியாத இடத்துல கூட இரை எங்க இருக்குன்னு அதுக்கு தெரிஞ்சிடும், அப்புறம் கொம்பை இடதும் வலதுமா வீசி அடிக்கும், இல்ல தரையோட வெச்சு அமுக்கும். தாத்தா வீட்டு கொம்புல அந்த பொடி துவாரத்தை நான் பாத்திருக்கேன், செல்லு அரிச்சிருக்குன்னு நினைச்சுட்டேன் அப்ப.

இப்ப ஆவுளியாவுக்கு வரேன். அதை நான் நேர்ல ஒரே ஒரு தடவை தான் பாத்தேன், அதுவும் உயிரோட இல்ல. என் நாத்தனாரை குடுத்திருக்குறது தஞ்சாவூர் மாவட்டம் சேதுபாவாசத்திரம் பக்கம். ஒரு பொங்கல் லீவுல போயிருந்தப்ப காலையில ஒரு ஆவுளியா குட்டி கரை ஒதுங்கி இருக்குன்னு புள்ளைங்க ஓடுதுங்க, நானும் போனேன். என் உயரம் கூட இல்ல. தோலு வழவழன்னு, மீசை மாதிரி முரட்டு முடி வாயைச் சுத்தி, வாலு கிட்ட வலை அறுத்த தடம் மூணு நாலு கோடா இருந்துச்சு, அந்த இடத்துல மட்டும் தோலு உரிஞ்சு வெள்ளையா. மூக்கு ரெண்டு ஓட்டையும் கதவு சாத்துன மாதிரி மூடி இருந்துச்சு. நாத்தனார் வீட்டு அண்ணன் தான் சொன்னாரு, அது தண்ணிக்குள்ள போகும்போது மூக்கை மூடிக்கும்மா, மேல வந்தா தான் தொறக்கும், இது தொறக்காமலே செத்திருக்கு பாருன்னு. சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மேல வந்து மூச்சு விட்டே ஆகணும் அதுக்கு, நம்மள மாதிரி நுரையீரல். ராத்திரி போட்டு காலையில இழுக்குற வலையில மாட்டினா முடிஞ்சுது கதை.

அங்க எந்த வலையில அது மாட்டுதுன்னு கேட்டா, திருக்கை வலைன்னாரு. பெரிய கண்ணு வெச்ச வலை, தரையோட இறக்கி விடுவாங்க, திருக்கை புடிக்கன்னே போடுறது. திருக்கைக்கு விரிச்ச வலையில ஆவுளியா சாகுது. அதே மாதிரி வலையில தான் வேளாவும் சாகுது, அது இன்னும் மோசம், ஏன்னா மத்த மீன்ல குஞ்சுங்க வலைக்கண்ணு வழியா நழுவிப் போயிடும், வேளாக்குட்டி பொறக்கும்போதே முக்கால் மீட்டர் நீளத்துல கொம்பும் பல்லுமா தான் பொறக்குது, அதனால அது எந்த வயசுல எந்த வலையில பட்டாலும் சிக்கிக்கும், நழுவுற வயசுன்னு ஒண்ணு அதுக்கு கிடையாது. நைலான் வலை வந்தப்புறம் தான் இந்த இனமே சாய ஆரம்பிச்சுதுன்னு சொல்லலாம், பழைய நூல் வலைன்னா அது அறுத்துட்டு போயிருக்கும். உலகத்துல 90 நாட்டு கரையில இருந்த மீன் இது, இன்னைக்கு அதுல பாதி நாட்டுல ஏதாவது ஒரு வகை வேளாவாவது சுத்தமா இல்லாம போயிடுச்சு.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தா எனக்கு தோணுறது இதுதான், ரெண்டுக்கும் எமன் ஒண்ணு, நாம காட்டுற பாசம் தான் வேற வேறயா இருக்கு. ஆவுளியாவுக்கு பாசம் கிடைச்சிடுச்சு. சந்தோஷம் தான், அதை யாரும் குறைக்கக்கூடாது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2022 செப்டம்பர்ல பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டரை கடல் பசு பாதுகாப்பகம்னு அறிவிச்சுது, தஞ்சாவூர், புதுக்கோட்டை ரெண்டு மாவட்டத்து கடல், இந்தியாவுலேயே முதல் தடவை. தஞ்சாவூர் கடற்கரையில மனோரா கோட்டை கிட்ட சர்வதேச கடல் பசு மையம் வரப்போகுதுன்னும் சொல்லியிருக்காங்க. நம்ம நாடு முழுக்க 240 தான் மிச்சம்னு அப்ப அரசு கணக்கு சொன்னாங்க, அதுல பெரும்பகுதி நம்ம தமிழ்நாட்டு கடல்ல. நாத்தனார் வீட்டு அந்த அண்ணன் அப்புறம் ஒரு தடவை வலையில உயிரோட மாட்டுனதை அறுத்து விட்டாரு, வனத்துறை ஆளுங்க வந்து சால்வை போட்டு வெகுமதி குடுத்து போட்டோ எடுத்துட்டு போனாங்க, அந்த போட்டோ அவங்க வீட்டு ஹால்ல கல்யாண போட்டோ பக்கத்துல மாட்டி இருக்கு. விட்டப்ப எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். தலையை மேல தூக்கி மூக்கை தொறந்து புஸ்ஸுன்னு ஒரு மூச்சு விட்டுச்சும்மா, என் மூஞ்சியெல்லாம் தண்ணி, அதுக்கப்புறம் அது போன பக்கமே பாத்துட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தோம்னாரு. சொல்லும்போது அவர் குரலே மாறிடுச்சு.

அந்தப் பக்கம் ஒரு காலத்துல கறிக்காக ஆவுளியாவை புடிச்சவங்க உண்டு, அதை அந்த ஊர்க்காரங்களே மறைக்காம சொல்றாங்க. அதே கரையில இன்னைக்கு அதை விடுறது பெருமையா ஆயிருக்குன்னா அது லேசுப்பட்ட விஷயமா, எத்தனை பேரு வீடு வீடா போய் பேசியிருப்பாங்க. ஆவுளியா யானைக்கு சொந்தம், முன்துடுப்பு பக்கத்துல, நம்ம அக்குள் மாதிரி இடத்துல மடி வெச்சு குட்டிக்கு பால் குடுக்கும், ஒரு வருஷத்துக்கு மேல சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், அடுத்த குட்டிக்கு மூணு வருஷத்துலேர்ந்து ஏழு வருஷம் வரைக்கும் ஆகும். இதை எல்லாம் கேட்ட பொம்பளைங்களுக்கு மனசு இளகாம இருக்குமா. எங்க நாத்தனாரே சொல்லுவாங்க, பால் குடுக்குற ஜீவனை எப்படிங்க வெட்டுறதுன்னு.

நான் கேக்குறது, வேளா மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? அது முட்டை போட்டுட்டு போற மீன் கிடையாது. அதுவும் வயித்துல சுமந்து குட்டியா தான் பெத்துப் போடுது. தாய் வயித்தை அறுத்துடக்கூடாதுன்னு, பொறக்கும்போது அந்த கொம்புல இருக்குற பல்லு மேல எல்லாம் ஒரு சவ்வு உறை மூடியிருக்கும், பொறந்த கொஞ்ச நாள்ல அதுவா உதிர்ந்துடும். இதை முதல்ல படிச்சப்ப நான் ஆபீஸ்ல உக்காந்திருந்தேன், கம்ப்யூட்டர் முன்னாடி அப்படியே கண்ணு கலங்கிடுச்சு எனக்கு, தாத்தா வீட்டு கொம்பு ஞாபகம் வந்து, அதுவும் ஒரு நாள் உறை போட்டு பொறந்தது தானேன்னு.

நம்ம முன்னோருக்கு இது தெரிஞ்சிருக்கு. பட்டினப்பாலையில காவிரிப்பூம்பட்டினத்து பரதவருங்க பௌர்ணமி அன்னைக்கு கடலுக்கு போகாம, "சினைச் சுறவின் கோடு நட்டு" அதுல சாமியை ஏத்தி கும்பிட்டாங்கன்னு வருது. கோடுன்னா கொம்பு. கொம்பு நட்டு கும்பிடுற அளவுக்கு கொம்பு உள்ள சுறா நம்ம கடல்ல வேற எது, எனக்கு தெரிஞ்சு வேளா தான். அதுல எனக்கு பெருசா படுறது அந்த சினைங்கிற சொல்லு. வயித்துல குட்டி இருக்குற மீன் அதுன்னு பாத்து, சொல்லி, பாட்டுலயும் ஏத்தி வெச்சிருக்காங்க. ரெண்டாயிரம் வருஷம் கிட்ட ஆச்சு, காவிரிப்பூம்பட்டினத்து கடற்கரையிலேர்ந்து எங்க தாத்தா வீட்டு சாமி மாடம் வரைக்கும் அந்த கொம்பு வந்திருக்கு, எனக்கப்புறம் வர்ற புள்ளைங்களுக்கு கொம்பு மட்டும் தான் மிஞ்சும் போல இருக்கே. வங்காள விரிகுடாவுல இதைப் புடிச்சவன் வீட்ல கும்பிட்டிருக்கான், கும்பிட்ட மீனுக்கு இன்னைக்கு அரை வரி.

இப்ப தடைக்காலம், ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், விசைப்படகு எல்லாம் காசிமேட்டுல வரிசையா கட்டிக் கிடக்கு. போன ஞாயித்துக்கிழமை தம்பிக்கு சாப்பாடு எடுத்துட்டு போனேன். தார்ப்பாய் நிழல்ல நாலு பேரு உக்காந்து வலை பின்னிக்கிட்டு இருந்தாங்க, அதுல ஒரு பெரியவரு, எங்க அப்பா கூட தொழிலுக்கு போனவரு, கால் கட்டைவிரல்ல வலையை மாட்டி இழுத்துப் புடிச்சுக்கிட்டு ஊசி ஓட்டிக்கிட்டு இருந்தாரு. மாமா, வேளாவை கடைசியா எப்ப பாத்தீங்கன்னு கேட்டேன். ஊசி நின்னுடுச்சு. எங்க பெரிய பையன் கைக்குழந்தையா இருந்தப்ப யம்மான்னாரு. அந்த பையனுக்கே இப்ப நாப்பது வயசு இருக்கும். பக்கத்துல ஒரு பையன், இருபது இருபத்திரெண்டு இருக்கும், போன வருஷம் தான் தொழிலுக்கு வந்திருக்கான், அவன்கிட்ட என் போன்ல இருந்த வேளா படத்தை காமிச்சேன். வாங்கி பெருசு பண்ணி பாத்துட்டு, இது நம்ம ஊரு மீனா அக்கான்னு கேட்டான். ஐயா, காசிமேட்டுல பொறந்த பையன் கேக்குறான் இதை.

பெரியவரு இன்னொண்ணும் சொன்னாரு, அதையும் நீங்க தெரிஞ்சுக்கணும். இப்ப வேளா வந்தா எவன்டி சொல்லுவான், கரைக்கு கொண்டாந்தா கேஸு, உள்ள புடிச்சு போட்டுடுவாங்க, அதனால கடல்லயே கொம்பை வெட்டிப் போட்டுட்டு வலையை காப்பாத்திக்கிட்டு வந்துடுவான்னாரு. 2001லேயே வேளாவை 1972 வனவிலங்கு சட்டத்தோட முதல் அட்டவணையில சேத்துட்டாங்க, புலிக்கும் யானைக்கும் ஆவுளியாவுக்கும் என்ன சட்டமோ அதே சட்டம், மூணு வருஷத்துலேர்ந்து ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில். வெளிநாட்டு வியாபாரத்தையும் 2007லேர்ந்து தடை பண்ணியாச்சு, சுறாத்துடுப்பு ஏத்துமதியை 2015ல நம்ம அரசாங்கமே மொத்தமா நிறுத்திடுச்சு. சட்டத்துல குறை சொல்ல எதுவும் இல்ல. ஆனா நடுக்கடல்ல ராத்திரி ரெண்டு மணிக்கு வலையை இழுக்குறவன் நிலைமையை யோசிச்சு பாருங்க, வேளா கொம்பு பூரா வலை சுத்திக்கிட்டு, அது உயிரோட தலையை வீசுது, கிட்ட போனா ஆள் காலு போயிடும், வலையை அறுத்து விட்டா அந்த வலை கடன் வாங்கி வாங்கின வலை, கொம்பை வெட்டினா வலை முழுசா கைக்கு வரும். கொம்பு போன வேளா கடல்ல விழுந்தாலும் இரை புடிக்க முடியாம பட்டினியில கிடந்து சாகும், அந்த கொம்பு திரும்ப முளைக்காது.

ஆவுளியாவை விட்டா வெகுமதி, சால்வை, போட்டோ. வேளாவை விட்டா போன வலைக்கு யாரு காசு குடுப்பா? எங்க பக்கம் வேளாவை விட்டதுக்கு சால்வை வாங்கினேன்னு ஒரு ஆளு சொல்லி நான் கேட்டதில்ல.

மீனுக்கு எல்லாம் ஜனங்க மனசு வராதுன்னு சொல்லாதீங்க, குஜராத்துல வந்திருக்கு. திமிங்கலச் சுறான்னு ஒண்ணு, உலகத்துலயே பெரிய மீன், வெராவல் பக்கம் எண்ணெய்க்கும் கறிக்கும் நூத்துக்கணக்குல வெட்டிக்கிட்டு இருந்தாங்க. அதையும் வேளாவை சேத்த அதே 2001ல தான் சட்டத்துல சேத்தாங்க, ஆனா அதோட விடல. 2004ல ஊர் ஊரா பிரச்சாரம், மொராரி பாபுன்னு அவங்க ஊர் கதாகாலட்சேபம் பண்றவரு வந்து, இது பிரசவத்துக்கு தாய் வீட்டுக்கு வர்ற பொண்ணு மாதிரி, பொண்ணை யாராவது வெட்டுவாங்களான்னு பேசினாரு. வ்ஹாலின்னு பேரு வெச்சாங்க, செல்லப்பொண்ணுன்னு அர்த்தம். அறுத்த வலைக்கு வனத்துறை காசு குடுத்துச்சு, மீனவங்க கையிலேயே தண்ணி போகாத கேமரா குடுத்து நீங்களே போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் அதே மீனவங்க தான் நூத்துக்கணக்குல வலையை அறுத்து விட்டிருக்காங்க. அந்த மீனுக்கு மடியும் கிடையாது பாலும் கிடையாது, வேளா மாதிரியே குருத்தெலும்பு மீன். மகாராஷ்டிராவுல 2018லேர்ந்து, சட்டத்துல பாதுகாத்த உயிர் எது மாட்டி வலையை அறுத்து விட்டாலும், போட்டோ காமிச்சா 25,000 ரூபா வரைக்கும் வலைக்கு நஷ்ட ஈடு குடுக்குறாங்க. அறுத்த உடனே நஷ்டம் கைக்கு வரும்னு தெரிஞ்சா நம்ம ஆளு மட்டும் அறுக்க மாட்டானா, எங்க தம்பியை எனக்கு தெரியும், அறுப்பான்.

ஆவுளியாவுக்கு ஒரு எல்லை போட்டு இது உன் இடம்னு சொல்ல முடியும், ஏன்னா அது புல்லை விட்டு போகாது, ஒரு பெரிய ஆவுளியா நாளைக்கு 40 கிலோ வரைக்கும் கடல் புல்லு திங்கும், புல்லு இருக்குற இடத்தை காப்பாத்துனா அதை காப்பாத்துன மாதிரி. வேளாவுக்கு அப்படி ஒரு வட்டம் போட முடியாது, அதனால தான் அதுக்கு வலை நஷ்ட ஈடு இன்னும் அவசியம்னு சொல்றேன். அதுக்கு வேணுங்கிற இன்னொண்ணு கழிமுகம். வேளாக்குட்டிங்க வளருறது ஆத்துவாயில, உப்பங்கழியில, அலையாத்தி ஓரத்து சேத்துல, சில வகை ஆத்துக்குள்ளயே ரொம்ப தூரம் ஏறி நல்ல தண்ணி வரைக்கும் போகும். நம்ம சென்னையில அந்த மாதிரி இடம் எது எதுன்னு எண்ணிப் பாருங்க, அடையாறு வாய், கூவம் வாய், எண்ணூர் கழிமுகம், வடக்கே பழவேற்காடு. எங்க தாத்தா வேளா புடிச்ச அதே எண்ணூர்ல கொசஸ்தலை ஆத்துல இன்னைக்கு அனல்மின் நிலையத்து சாம்பல் படிஞ்சு ஆழமே குறைஞ்சு கிடக்கு, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வேற வந்து படிஞ்சு, மீனவங்க வாளியில மோந்து மோந்து எடுத்ததை உங்க பேப்பர்லயே பாத்தோம். அந்த சேத்துல எந்த குட்டி வளரும். எனக்கு இதை எழுதும்போது வயிறு எரியுது.

ஆனா நம்பிக்கையும் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். ஆவுளியா ஒரு ஈத்துக்கு ஒண்ணு, வேளா அப்படி இல்ல, பெரிய பல்லு வேளாங்கிற வகை சராசரியா ஏழு குட்டி போடுது. பெரிய தாய்ங்க நாலு உயிரோட தப்பிச்சா கூட போதும், ஆவுளியாவை விட இது சீக்கிரம் பெருகுறதுக்கு வழி இருக்கு. 2021 மார்ச்சுல கர்நாடகா மல்பே துறைமுகத்துல பெரிய வேளா ஒண்ணு வந்த போட்டோ வாட்ஸ்அப்ல எல்லாம் சுத்துச்சு, பாத்திருப்பீங்க, ஜனங்க சுத்தி நின்னு வேடிக்கை பாக்குறாங்க. அது செத்து தான் வந்துச்சு, அதைப் பாத்து நான் அழுதேன், ஆனா அந்த அளவுக்கு வளர்ந்த ஒண்ணு நம்ம நாட்டு கடல்ல இருந்திருக்குன்னா இன்னும் எங்கயோ இருக்கத்தான் செய்யும்.

நம்ம சென்னைக்காரங்களுக்கு கடல்ல சாகுறது கண்ணுக்கு தெரிஞ்சா மனசு துடிக்கும், 2025 ஜனவரியில மெரினா, நீலாங்கரை, கோவளம் வரைக்கும் பங்குனி ஆமைங்க நூத்துக்கணக்குல செத்து ஒதுங்குனப்ப எப்படி கொதிச்சோம், கோர்ட்டு வரைக்கும் போச்சு. ஆமை ஒதுங்குது, ஆவுளியாவும் ஒதுங்குது. கொம்பு அறுபட்ட வேளா அடியில போய் கிடந்து சாகுது, கரைக்கு வந்து யார் கண்ணுலயும் படாது. அதனால தான் பேப்பர்ல எழுதணும்னு சொல்றேன்.

என் வேண்டுகோள் ரெண்டு. அரசாங்கத்துக்கு உங்க பேப்பர் வழியா சொல்லுங்க, ஆவுளியாவுக்கு குடுக்குற வெகுமதியை வேளாவுக்கும் குடுக்கணும், அதோட அறுத்த வலைக்கு காசு, அதுவும் ஆறு மாசம் ஆபீஸ் ஆபீஸா அலைய விடாம மீன்துறை ஆளு துறைமுகத்துலயே போன்ல போட்டோ பாத்து எழுதிக் குடுக்குற மாதிரி இருக்கணும், கேஸு போடுவாங்கன்னு பயப்படாம சொல்லலாம்னு வலை இழுக்குறவனுக்கு நம்பிக்கை வரணும். ரெண்டாவது உங்களுக்கே. வேளாவுக்கு ஒரு அரைப்பக்கம் போடுங்க. மேல பக்கத்து போட்டோ ஒண்ணு, திருப்பிப் போட்ட போட்டோ ஒண்ணு, செவுள் அடியில இருக்குறது தெரியுற மாதிரி. மாட்டினா என்ன செய்யணும்னு பெரிய எழுத்துல போடுங்க, மேல தூக்காதீங்க, தண்ணியிலேயே வெச்சிருங்க, கொம்பு வீசுற தூரத்துக்கு தள்ளியே நில்லுங்க, நீளமான கம்புல கத்தி கட்டி வலையை மட்டும் அறுங்க, கொம்பை தொடாதீங்கன்னு. ஆவுளியாவா இருந்தா அதோட மூக்கு தண்ணிக்கு மேல இருக்குற மாதிரி முதல்ல பாத்துக்கிட்டு அப்புறம் அறுக்கணும்னு அதையும் பக்கத்துலயே போட்டுடுங்க, ஒரே தாள்ல ரெண்டும் இருந்தா நல்லது.

ஜூன் 14 ராத்திரியோட தடைக்காலம் முடியுது, 12 மணி அடிச்சதும் காசிமேட்டுல எல்லா போட்டும் ஐஸ் ஏத்திக்கிட்டு கிளம்பிடும். அதுக்கு முன்னாடி வர்ற ஏதாவது ஒரு ஞாயித்துக்கிழமை பேப்பர்ல போட்டீங்கன்னா நான் அம்பது காப்பி வாங்கி லேமினேஷன் பண்ணி எங்க தம்பி போட்டுலேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு வீல் ரூம்லயும் ஒட்டிட்டு வரேன். அந்த பையன் போற போட்டுலயும் ஒட்டுறேன், இது நம்ம ஊரு மீன் தான்டான்னு சொல்லி.

இப்படிக்கு,
உங்க பேப்பரை இருபது வருஷமா படிக்கிற வாசகி,
ராயபுரம், சென்னை.